அம்மா பார்க்க மாட்டாங்க

ஜூலை 1, திங்கள்

கடைசிக் கேள்வியும் ஒருவழியாகத் தமிழுக்கு வந்துவிட்டது. நாலு மாதம். இருபத்து மூன்று கேள்விகளுக்கு நாலு மாதமா என்று மஸ்கட்டிலிருந்து அவர் கேட்கிறார். கேட்கிறவருக்கு என்ன.

பிள்ளைகளின் குணத்தை வைத்து, பின்னாளில் யார் புகை, குடி, மாத்திரை என்று போகக்கூடும் என்று கணிக்கும் கேள்வித்தாள் இது. வெளிநாட்டில் செய்தது. தமிழிலும் அதே வேலையைச் செய்கிறதா என்று நிரூபித்தால் எனக்கு முனைவர் பட்டம். நாற்பத்து நாலு வயதில், கல்லூரியில் பாடமும் எடுத்துக்கொண்டு, இதெல்லாம் தேவையா என்று என்னையே கேட்டுக்கொள்ளாத நாளில்லை.

திரில் பற்றிய கேள்வியில் விமானத்திலிருந்து குதிப்பது வருகிறது. பாளையங்கோட்டைப் பிள்ளைகளிடம் போய் அதைக் கேட்க முடியுமா? ‘பாலத்தின் மேலிருந்து ஆற்றில் குதிக்க ஆசை’ என்று மாற்றினேன். எனக்கு உதவிக்கு இருக்கும் எம்.எஸ்சி. மாணவி முப்பிடாதி படித்துவிட்டு, “இது ஆசையா மேடம், எங்க ஊர்ல இதான லீவு நாள் வேல” என்றாள். அடித்துவிட்டு வேறு எழுதினேன்.

‘நெஞ்சு படபடத்தால் ஏதோ ஆகப்போகிறது என்று பயந்துவிடுவேன்.’ இந்த ஒன்றை மொழிபெயர்க்க மட்டும் எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

கேஸ் புக் பண்ண வேண்டும். கெசியாவுக்கு வெள்ளை சாக்ஸ்.

ஜூலை 8, திங்கள்

முதல் சுற்று முடிந்தது. ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு, மொத்தம் 212 பெண் பிள்ளைகள். காலையில் கிளம்பும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. அரை மாத்திரை போட்டுக்கொண்டேன். டாக்டர் கொடுத்ததுதான்.

தாளில் பெயர் கிடையாது. பதினைந்து நாள் கழித்து இதே பிள்ளைகள் இதே தாளை மறுபடி நிரப்புவார்கள். பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். எந்தத் தாள் எந்தத் தாளோடு சேரும் என்று தெரிய ஒரு குறியீடு மட்டும் உண்டு: அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, வீட்டுக் கதவு எண்ணின் கடைசி இலக்கம். பிள்ளைகளே எழுதிக்கொள்வார்கள். வகுப்பு வகுப்பாக நின்று சொன்னேன்: “யார் எழுதுனதுன்னு யாருக்கும் தெரியாது. உங்க டீச்சர் பார்க்க மாட்டாங்க. உங்க அம்மா பார்க்க மாட்டாங்க.” அம்மா என்றதும் எல்லா வகுப்பிலும் ஒரு சிரிப்பு எழுந்தது.

கெசியா படிக்கும் பதினொன்று பி-க்கு நான் போகவில்லை. முப்பிடாதியை அனுப்பினேன். சொந்தப் பிள்ளை இருக்கும் வகுப்பைத் தவிர்க்கவும் என்று கல்லூரியின் அறநெறிக் குழு எழுதியிருந்தது உண்மைதான். தவிர்த்தால் நாற்பது பேர் குறைகிறார்கள். நான் உள்ளே போகவில்லை, அதனால் தவிர்த்த மாதிரிதான்.

ஜூலை 10, புதன்

முப்பிடாதி கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். தாள் அளக்கும் நாலு குணங்களில் ஒன்றான நம்பிக்கையிழப்புப் பகுதியில் உள்ள ஏழு கேள்விகளும் நல்ல விதமாகக் கேட்பவை. ‘எனக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது’ என்பது போல. முழுக்க உடன்படுகிற பிள்ளை நாலு என்று போடும். ஆனால் நாம் அளப்பது நம்பிக்கை இல்லாமையை. ஆகவே நாலை ஒன்றாக, ஒன்றை நாலாகத் தலைகீழாக்க வேண்டும். மூன்று தடவை சொல்லிவிட்டேன், மறந்துவிடாதே என்று. நாலாவது தடவை சொன்னபோது “சரி மேடம்” என்றதில் கொஞ்சம் கடுப்பு இருந்தது.

ஏற்றி முடித்த தாள்களை உறையிலிட்டு, துறைத்தலைவரின் இரும்பு அலமாரியில் பூட்டியாயிற்று. அது விதி.

ஜூலை 12, வெள்ளி

தலைகீழாக்கும் கட்டளையைக் கொடுத்து ஓட்டினேன். கேள்விகள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்துகின்றன. வழிகாட்டி சங்கரநாராயணன் சாரிடம் போனில் சொன்னேன். “நல்லது, நல்லது” என்றார். அவர் இரண்டு நல்லது சொல்வது அபூர்வம்.

பிறகு சும்மாதான் பட்டியலை வரிசைப்படுத்திப் பார்த்தேன். நம்பிக்கையிழப்பில் குறைந்தபட்சம் ஏழு, அதிகபட்சம் இருபத்தெட்டு. அடியில் ம-3-2 என்று ஒரு பிள்ளை, எட்டே எட்டு. யார் பெற்ற மகளோ, கொடுத்து வைத்தவள். உச்சியில் இருபத்தேழு.

ஞ-19-7.

ஞானம் என்று தொடங்கும் பெயர் பாளையங்கோட்டையில் தெருவுக்கு நாலு இருக்கும். ஞானதீபம், ஞானமணி, ஞானசுந்தரியிலேயே என்னைத் தவிர இரண்டு பேர் எங்கள் சபையில் உண்டு. கெசியா பிறந்தது பத்தொன்பதாம் தேதி. எங்கள் கதவு எண் 47.

பழக்கங்களைப் பற்றிக் கேட்கும் கடைசிப் பக்கத்தின் பதில்களும் அதே வரிசையில் இருந்தன. புகை இல்லை. பீர் இல்லை. ‘டாக்டர் எழுதித் தராத மாத்திரை’ என்ற இடத்தில், ஒரு முறை.

மஸ்கட்டிலிருந்து அவர் போன் பண்ணினார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. எல்லாரும் சௌக்கியம் என்றேன்.

ஜூலை 13, சனி

அவள் தோசையைப் பிய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் சாப்பிடுகிறாள். சபையின் கொயர் பயிற்சிக்குப் போகும்போது பாடிக்கொண்டேதான் போனாள். நம்பிக்கை இழந்த பிள்ளைகள் வெளியே சிரிப்பார்கள் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவள் நான்.

மாத்திரை யார் தந்திருப்பார்கள்? டியூஷனில் பையன்களும் உண்டு. பஸ் ஸ்டாண்டு பக்கம் எல்லாம் கிடைக்கிறது என்று பேப்பரில் போடுகிறார்கள். மருந்துக்கடை அண்ணாச்சியிடம் என் மாத்திரை வாங்கப் போனபோது, “சின்னப் பிள்ளைங்க வந்து கேட்டா குடுப்பீங்களா அண்ணாச்சி?” என்று விசாரித்தேன்.

“சீட்டு இல்லாம குடுப்பமா டீச்சர்” என்று சொல்லிக்கொண்டே என் மாத்திரைப் பட்டையைத் தாளில் மடித்துத் தந்தார். என்னிடம் அவர் சீட்டுக் கேட்டு மூன்று வருடம் இருக்கும். என்னைத் தெரியும், அதனால்.

ஜூலை 14, ஞாயிறு

ஆராதனையில் ஒன்றும் மனதில் ஏறவில்லை. ஒரு மாத்திரை. அரை போதவில்லை.

ஜூலை 17, புதன்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அவள் குளிக்கப் போனதும் பள்ளிப் பையைத் திறந்தேன். புத்தகங்கள், கசங்கிய கெமிஸ்ட்ரி தாள், இரண்டு கடலை மிட்டாய் உறை. பென்சில் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். சாக்ஸுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். தலையில் துண்டோடு அவள் கதவருகே நின்றிருந்தது எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

“என்னத்தம்மா தேடுதீங்க?”

“ஸ்கேல்.”

“சாக்ஸுக்குள்ளயா?”

அவள் ஸ்கேலை எடுத்து என் கையில் தந்துவிட்டுத் தலை துவட்டப் போனாள். அந்த ஸ்கேலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தாளில் கோடு போட்டேன்.

வீட்டு மருந்து டப்பாவையும் பார்த்தேன். இருமல் மருந்து, காய்ச்சல் மாத்திரை, என் பட்டை. என் பட்டையில் எத்தனை இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, நான் எண்ணுகிற வழக்கமில்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டு இருமல் மருந்தின் அளவைப் பார்த்தேன். குறையவில்லை.

ஜூலை 20, சனி

போனை வாங்கி வைத்துக்கொண்டேன். டியூஷனுக்கு நானே கூட்டிப் போய் நானே கூட்டி வருகிறேன். இன்று கொயர் வேண்டாம் என்றேன். அதில்தான் வெடித்தது. கத்தவில்லை. இவள் கத்துகிற பிள்ளை இல்லை, கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“யாரு என்ன சொன்னா உங்கட்ட?”

“யாரும் சொல்லல.”

“அப்போ எதுக்கு?”

“அம்மாவுக்குப் பயமா இருக்கு கெசி. அவ்வளவுதான்.”

“அந்தப் பேப்பரப் பாத்தீங்களா?”

“எந்தப் பேப்பரு?” என்றேன்.

பதினெட்டு வருடமாக உளவியல் சொல்லித் தருகிறேன். ஒரு பதினாறு வயதுப் பிள்ளை முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அவள் “சரிம்மா” என்று அறைக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. திறந்தே கிடந்தது, நான் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

ஒன்று. சாயங்காலம் இன்னும் அரை.

ஜூலை 24, புதன்

இரண்டாம் சுற்று. முப்பிடாதிக்கு அக்காள் வளைகாப்பு, ஒரு வார லீவில் அம்பாசமுத்திரம் போய்விட்டாள். பதினொன்று பி-க்கு கல்லூரியிலிருந்து வேறொரு மாணவியை அனுப்பினேன். மற்ற வகுப்புகளில் அதே பேச்சைப் பேசினேன். ‘உங்க அம்மா’ என்ற வார்த்தை வரும்போது நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். பிள்ளைகள் இந்தத் தடவையும் சிரித்தார்கள்.

ஜூலை 26, வெள்ளி

இந்தத் தடவை நானே ஏற்றுகிறேன். தாளில் உள்ளதை உள்ளபடியே போட்டுக்கொண்டு வருகிறேன். தலைகீழாக்குவதைக் கட்டளை பார்த்துக்கொள்ளும். 212 தாள். இடுப்பு விட்டுப்போகிறது.

மத்தியானம் ஞ-19-7 வந்தது. நுனி வளைந்த டிக், அவள் கணக்கு நோட்டில் போடுகிற அதே டிக். ஆறு இடத்தில் ‘ஓரளவு உடன்படுகிறேன்’, ஒரு இடத்தில் ‘அவ்வளவாக இல்லை’. தலைகீழாக்கிக் கணக்குப் போட்டேன்: பதினைந்து.

இருபத்தேழிலிருந்து பதினைந்து. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். கூடவே இருந்து பார்த்துக்கொண்டது வீண்போகவில்லை. பையைத் தேடினேன், போனைப் பிடுங்கினேன், கெட்ட பெயர் வாங்கினேன். வாங்கினால் என்ன? பிள்ளை மீண்டு வருகிறது.

வரும்போது அவளுக்குப் பிடித்த அல்வா வாங்கினேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மூடி வைத்துவிட்டாள்.

ஜூலை 27, சனி

மீதித் தாள்கள். ம-3-2 வந்தது. முதல் சுற்றில் எட்டு எடுத்த அந்தக் கொடுத்து வைத்தவள். எதிர்காலம் நன்றாக இருக்கும்: சிறிதும் இல்லை. நான் செய்வதில் எனக்குப் பெருமை உண்டு: சிறிதும் இல்லை. ஒன்றைத் தவிரக் கீழே வரை அப்படியே. பேனா அழுத்தியதில் தாள் பின்புறம் புடைத்திருந்தது.

இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று? யாராவது இறந்துவிட்டார்களா? எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. மீதியைத் திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன்.

ஜூலை 29, திங்கள்

ஏற்றி முடித்து இரண்டு சுற்றையும் ஒப்பிட்டேன். முதல் தடவை அதிகம் வாங்கிய பிள்ளை இரண்டாம் தடவையும் ஏறக்குறைய அதிகமே வாங்க வேண்டும். அப்படியானால் ஒப்புமை எண் ஒன்றுக்குப் பக்கத்தில் வரும். மற்ற மூன்று குணங்களுக்கும் நன்றாகவே வந்தது. நம்பிக்கையிழப்புக்கு வந்தது −0.81.

கழித்தல் குறியை விரலால் துடைத்துப் பார்த்தேன், திரையில் தூசியோ என்று. அவ்வளவு முட்டாளாகிவிட்டேன்.

இரண்டு வாரத்தில் ஒரு பள்ளிக்கூடமே குப்புறக் கவிழ முடியாது. முப்பிடாதிக்குப் போன் போட்டேன். பின்னால் வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

“முப்பிடாதி, முதல் சுத்துல அந்த ஏழு கேள்வியயும் எப்படிப் போட்ட?”

“தலைகீழாக்கித்தான் மேடம். நாலுன்னா ஒன்னு. நீங்கதான படிச்சுப் படிச்சுச் சொன்னீய. ஒவ்வொரு தாளா மாத்தி மாத்திப் போட்டேன்.”

“நீயே மாத்திட்டியா? கம்ப்யூட்டர்ல நானும் மாத்துனேனே.”

“அப்போ ரெண்டு தடவ மாத்துனா பழையபடி ஆயிரும்லா மேடம்” என்றாள்.

ஆகிவிட்டது. நம்பிக்கை நிறைந்த பிள்ளைகளெல்லாம் உச்சியில். நம்பிக்கை அற்றுப்போன பிள்ளைகளெல்லாம் அடியில். அவளை நாலு தடவை எச்சரித்தவள் நான்.

ஜூலை 30, செவ்வாய்

திருத்திய பட்டியல்.

ஞ-19-7: முதல் சுற்று எட்டு. இரண்டாம் சுற்று பதினைந்து.

என் மகள் சந்தோஷமாக இருந்தாள். பள்ளியிலேயே மிக நம்பிக்கையுள்ள பிள்ளைகளில் ஒருத்தியாக இருந்தாள். இரண்டே வாரத்தில் நம்பிக்கையிழப்பு ஏழு மதிப்பெண் ஏறியிருக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் என்ன நடந்தது என்று பட்டியலில் இல்லை. இந்த நோட்டில் இருக்கிறது.

ம-3-2: இரண்டு சுற்றிலும் இருபத்தேழு.

இருபத்து நாலுக்கு மேல் பதினொரு பேர். இவர்களைத்தான் பதினெட்டு நாளாக அடியில் போட்டு வைத்திருந்தேன், நல்ல பிள்ளைகள், கவலையில்லை என்று. நான் யார் வீட்டுச் சாக்ஸுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்!

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கெசியா வகுப்பைச் சேர்த்ததையும், குறியீட்டை அடையாளம் கண்டதையும், பையைத் தேடியதையும். “ஞானசுந்தரி, பட்டம் தள்ளிப்போகும். அத விடுங்க. குழுவுக்கு நீங்களே எழுதிக் குடுத்திருங்க. அந்தப் பதினோரு பேருக்கு என்ன செய்யப் போறீங்க?”

பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. அம்மா பெயர், பிறந்த தேதி, முகவரி, எல்லாம் ஒரே வரியில். ம-3-2 யார் என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். சொன்னேன்.

“கண்டுபிடிக்கலாம். ஏற்கெனவே ஒருத்தரக் கண்டுபிடிச்சீங்களே, அதுக்கு என்ன ஆச்சு?” என்றார். முதலில் பிள்ளைகள் தாமாக வர ஒரு கதவைத் திறந்து வைப்போம், ஒரு வாரத்தில் யாரும் வராவிட்டால் பதிவேட்டைத் திறப்பதைக் குழு முடிவு செய்யட்டும் என்று பேசி முடித்தோம்.

கெசியாவிடம் போனைத் திருப்பிக் கொடுத்தேன். கொயருக்குப் போ என்றேன். “சரிம்மா” என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

தலைமையாசிரியை நூலகத்தை ஒட்டிய சின்ன அறையைத் தந்தார். எல்லா வகுப்பிலும் போய்ச் சொன்னேன்: “இந்த அறையில தினமும் மத்தியானம் இருப்பேன். யாரும் வரலாம். உங்களுக்காகவும் வரலாம், உங்களுக்கு வேண்டியவங்களுக்காகவும் வரலாம். பேசுறது வெளிய போகாது. யாரு உயிருக்காவது ஆபத்துன்னா மட்டும் இன்னொருத்தர்கிட்ட சொல்லுவேன், அதையும் உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வேன்.” பதினொன்று பி-க்கும் நானே போனேன். கெசியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் வரவில்லை. ஒரு பல்லி வந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஒரு பிள்ளை வந்தது. நாற்பது நிமிடம் இருந்தது. என்ன பேசினோம் என்று இங்கே எழுதமாட்டேன். குறியீடு என்ன என்று நான் கேட்கவில்லை. நாளைக்கு அதன் அப்பாவோடு டாக்டரிடம் போவதற்கு அதுவே சம்மதித்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று மூன்று பேர். இரண்டு பேரைப் பற்றி எழுதமாட்டேன். மூன்றாவது ஆளைப் பற்றி எழுதுவதும் தவறோ என்னவோ. ஆனால் இது அந்தப் பிள்ளையைப் பற்றியது அல்ல.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. கதவைத் தட்டிவிட்டு, “உள்ள வரலாமா மேடம்?” என்று கேட்டது கெசியா.

விளையாடுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள். பயந்தால் அப்படித்தான் செய்வாள், மூன்று வயதிலிருந்து.

“இங்க பேசுனா வெளிய போகாதுன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“எங்க அம்மாட்ட?”

“சொல்ல மாட்டேன்.”

“எங்க அம்மாவப் பத்திதான் பேசணும். அவங்க ஒரு மாத்திரை சாப்பிடுதாங்க. முன்னால அரை, எப்பவாவது. இப்போ ஒன்னு, ஒன்னரை. கேட்டா டாக்டர் குடுத்ததும்பாங்க. அந்தச் சீட்ட நான் பாத்தேன். மூணு வருஷத்துக்கு முந்தினது. ரெண்டு வாரத்துக்குத்தான் எழுதியிருக்கு.”

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் முதலில் கேட்க வேண்டும். கேட்டேன்.

“ஒரு நாள் நானும் ஒன்னு போட்டுப் பாத்தேன். அவங்களுக்கு அதுல அப்படி என்ன இருக்குன்னு தெரியணும்னு. மத்தியானம் பூரா தூங்கிட்டேன். வேற ஒன்னும் இல்ல. அதத்தான் பேப்பர்ல எழுதுனேன். அம்மா பார்க்க மாட்டாங்கன்னு சொன்னதால எழுதுனேன்.”

என் கைப்பை மேசைமேல் இருந்தது. பட்டை அதற்குள்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

“பட்டையில எத்தன இருக்குன்னு தினமும் நான் எண்ணுதேன் மேடம். அவங்க எண்ணுறதில்ல.” அதற்குமேல் அவளால் மேடம் என்று சொல்ல முடியவில்லை. “எனக்குப் பயமா இருக்கு” என்றாள். பதினாறு நாளைக்கு முன் நான் அவளிடம் சொன்ன அதே சொல்.

மணி அடித்துவிட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு, “தேங்க்ஸ் மேடம்” என்று வகுப்புக்குப் போனாள்.

வீட்டில் அவள் படித்தாள், நான் சப்பாத்தி போட்டேன். அவள் அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வியாழக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். எதற்கு என்று போனில் கேட்டார்கள். மாத்திரையை நிறுத்த வேண்டும் என்றேன். திடீரென்று நிறுத்தக்கூடாதாம், வரும்வரை கூட்டாமல் குறைக்காமல் ஒன்றே ஒன்று போடச் சொன்னார்கள்.

காலையில் போட்டுக்கொண்டு, பட்டையை எண்ணினேன். ஏழு. நாட்காட்டியில் இன்றைய கட்டத்தில் ஏழு என்று எழுதி, பட்டையை அதன் கீழே உள்ள சாப்பாட்டு மேசையில், கெசியா உட்காரும் இடத்தில் வைத்தேன்.

தோசை சாப்பிட வந்தவள் நாட்காட்டியைப் பார்த்தாள். பட்டையை எடுத்துத் தானும் ஒரு தடவை எண்ணினாள். பிறகு பேனாவை எடுத்து, அந்த ஏழுக்குப் பக்கத்தில், நுனி வளைந்த டிக் ஒன்று போட்டாள்.